நிறுத்தச் சொல்ல யாருமில்லாத ஐந்து நாட்கள்

2024 டிசம்பர் 3-ம் தேதி சாயங்காலம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சித்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனை சார்ஜில் போட்டேன். ஃபெஞ்சல் புயலில் கரன்ட் போய் மூன்று நாளாக உயிரில்லாமல் கிடந்த போன். திரை எரிந்ததும் வாட்ஸ்அப் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், "உங்க தெருவுல தண்ணி வடிஞ்சுதா" என்று ஊர் குரூப். அதற்கு நடுவே எங்கள் டீமில் இருக்கும் தம்பி அனுப்பியது மட்டும் ஒன்பது மெசேஜ். ஒன்பதும் கிட்டத்தட்ட ஒரே வரிதான்: "அக்கா, ஆட் ஓடிட்டே இருக்கு, நிறுத்தட்டுமா?" சனிக்கிழமை மதியம் முதல் மெசேஜ், செவ்வாய் மதியம் கடைசி மெசேஜ். நான் பதில் சொல்லவில்லை, நான் சொல்லாததால் அவன் நிறுத்தவும் இல்லை. கூகுளில் விளம்பரம் ஓட்டும் கூகுள் ஆட்ஸ் கணக்கைத் திறந்தேன். ஐந்து நாளில் 96,000 ரூபாய் போயிருந்தது. கம்பெனி பணமாக இருந்திருந்தால் அவ்வளவு வயிற்றைக் கலக்கியிருக்காது. என் கிரெடிட் கார்டில் போட்ட பணம் அது.

முதலிலிருந்து சொல்கிறேன். சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன், மாதம் 52,000 கையில் வரும். 2023-ல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடலூருக்கே திரும்பிவிடலாம் என்று தேடியபோது புதுச்சேரியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி கூப்பிட்டது. மொத்தம் பதினாறு பேர், நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். சம்பளம் 45,000, ஆனால் பதவி 'மார்க்கெட்டிங் ஹெட்'. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் எவ்வளவு மயங்கினேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. லிங்க்ட்இன்னில் பதவியை மாற்றிய அன்றைக்கு வந்த வாழ்த்துகளை இரவு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். (அந்த அவசரத்தில் இன்னொன்றும் போனது. சென்னை வேலையில் நான்கு வருடம் ஐந்து மாதம் முடித்திருந்தேன். வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். என் பேசிக் 22,000, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்து வருடத்துக்குப் போட்டால் 63,000-க்கு மேல் வரும். ஏழு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. வேலையை விடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.)

ஆஃபர் லெட்டரில் பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, நோட்டீஸ் காலம் இருந்தது. நான் என்ன முடிவெடுக்கலாம், எவ்வளவு செலவு செய்யலாம், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு எழுத்து கிடையாது. நானும் கேட்கவில்லை. 'ஹெட்' என்றால் அதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். நடந்தது என்னவென்றால், பணத்தைப் பற்றிய எல்லா முடிவும் முதலாளியிடம், வேலையைப் பற்றிய எல்லா முடிவும் என்னிடம், எனக்குக் கீழே இருந்த இரண்டு பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லை. சாதாரண நாளில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது, சொல்லப்போனால் ஒழுங்காக நடக்கிற மாதிரிகூடத் தெரியும்.

கம்பெனி சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்களுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் செய்து தருவது. பெரிய ஆப்களுக்குக் கமிஷன் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று ஓனர்கள் புலம்புவார்கள், அதனால் நாமே நேரடியாகப் புக்கிங் வாங்கித் தரும் ஒரு தளத்தை ஆரம்பிப்போம் என்று முதலாளி முடிவெடுத்தார். டிசம்பர் சீசனுக்கு முன்னால் விளம்பரம் ஓட வேண்டும். நவம்பர் கடைசியில் அவர் குடும்பக் கல்யாணத்துக்கு பாரிஸ் போய்விட்டார், பாண்டிச்சேரியில் இது புதிதில்லை, பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே இருப்பார். கூகுள் ஆட்ஸில் பணம் போட வேண்டும், ஓடிபி அவர் போனுக்குப் போகிறது, அவர் போன் ரோமிங்கில் எடுக்கவில்லை. இரண்டு நாள் இழுத்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்தார்: "நீங்க உங்க கார்டுல போட்டுடுங்கம்மா, வந்து பார்த்துக்கலாம்."

'பார்த்துக்கலாம்' என்ற வார்த்தையை எத்தனை பேர் எத்தனை இடத்தில் சொல்லிக் கேட்டிருப்போம். அதில் தொகை இல்லை, தேதி இல்லை, தருகிறேன் என்றுகூட இல்லை. எனக்கு அன்றைக்கு அது கையெழுத்துப் போட்ட செக் மாதிரித் தெரிந்தது, ஏனென்றால் இந்தச் சின்ன விஷயத்துக்குக் கூடத் தயங்கினால் நான் என்ன ஹெட் என்று ஒரு வீம்பு. 1,80,000 ரூபாய் போட்டேன். கூகுள் ஆட்ஸில் நாம் முன்பணமாகப் போடும்போது 18 சதவீத ஜிஎஸ்டியை அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே விளம்பரத்துக்கு நின்றது 1,52,542 ரூபாய்தான். அவசரத்தில் பேமென்ட் விவரத்தில் என் பெயரைக் கொடுத்துத் தனிநபர் கணக்காகத் திறந்துவிட்டேன். தனிநபர் என்று ஒருமுறை போட்டால் அந்தக் கணக்கைப் பிறகு நிறுவனக் கணக்காக மாற்ற முடியாது, கம்பெனியின் ஜிஎஸ்டி எண் அதில் ஏறாது, பில் என் பெயரில் வரும், ஆடிட்டர் அதை வைத்து வரிக் கழிவு எடுக்க முடியாது. அந்த 27,000 சொச்சம் அப்படியே தண்டம். உங்கள் முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொந்தக் கார்டை நீட்டாதீர்கள். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தொகை, திருப்பித் தரும் தேதி இரண்டையும் மெயிலில் எழுதி, "ஆமாம்" என்று பதில் வந்த பிறகு நீட்டுங்கள்.

நவம்பர் 25, திங்கட்கிழமை ஆரம்பித்தோம். ஒரு நாளைக்குப் பட்ஜெட் 10,000. முதல் நான்கு நாள் நன்றாகவே போனது, மொத்தம் 39,000 செலவு, இருபத்திரண்டு புக்கிங். இதை ஏன் சொல்கிறேன் என்றால் அமைப்பு முழுக்க முட்டாள்தனம் இல்லை. இடம் என்ற பகுதியில் புதுச்சேரியைக் கொடுத்து, 'அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதை விட்டு வைத்திருந்தேன். கூகுள் அதைத்தான் தானாகவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். சுற்றுலா விளம்பரத்துக்கு அது தப்பும் இல்லை, பெங்களூரில் உட்கார்ந்து பாண்டிச்சேரியைத் தேடுகிறவர்தானே நமக்கு வேண்டும். கீவேர்டுகளை பிராட் மேட்ச்சில் போட்டேன், அதாவது நாம் கொடுத்த சொல்லுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் தேடல்களுக்கும் விளம்பரம் வரும். தேடலுக்கு வெளியே மற்ற தளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கையும் அணைக்கவில்லை. ஏல முறை 'அதிகபட்ச கிளிக்', அதாவது கொடுத்த பட்ஜெட்டுக்குள் எவ்வளவு கிளிக் கிடைக்குமோ அவ்வளவையும் வாங்கப் பார்க்கும். நான்கும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குற்றம் கிடையாது. ஆனால் நாள் பட்ஜெட் 10,000 என்றால் கூகுள் ஒரு நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம், மாதக் கணக்கில்தான் 30.4 மடங்குக்கு மேல் போகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். முதலாளிக்குச் சொன்னேனா என்றால் இல்லை, டீமுக்குச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை 29-ம் தேதி இரவு பார்த்தபோது 19,000-க்கு மேல் போயிருந்தது. "ஆஹா, கூட்டம் வருது" என்று சந்தோஷப்பட்டேன். இதுதான் எனக்கு இன்னும் ஆறாத இடம். அன்றைக்கே டிவியில் ஃபெஞ்சல் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று எல்லாச் சேனலிலும் ஓடிக்கொண்டிருந்தது, நாடு முழுக்கப் 'புதுச்சேரி' என்று தேடிக்கொண்டிருந்தது, நான் அதை சீசன் என்று நினைத்தேன். மறுநாள் இரவு புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் வீடு பெரிய கங்கணாங்குப்பம் பக்கம். சனிக்கிழமை மதியமே கரன்ட்டும் டவரும் போய்விட்டன. ஞாயிறு தண்ணீர் கொஞ்சம் வடிகிற மாதிரி இருந்தது, அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை நிறைந்து வந்து திங்கட்கிழமை தெருவுக்குள் புகுந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். அரிசி டிரம்மை ஏற்ற முடியவில்லை. அந்த இரண்டு நாளில் விளம்பரம் என்று ஒன்று இருப்பதே என் ஞாபகத்தில் இல்லை, அதற்காக நான் என்னைக் குறை சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

குறை வேறு இடத்தில். தம்பியின் வீடு லாஸ்பேட்டையில், அங்கே கரன்ட் விட்டு விட்டு வந்திருக்கிறது. அவனிடம் அந்தக் கணக்கில் நிறுத்தக்கூடிய அளவுக்கு அனுமதி இருந்தது. பொத்தான் அவன் கையிலேயே இருந்தது. பிறகு அவனைக் கேட்டேன், ஏண்டா நிறுத்தவில்லை என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செப்டம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்காக்கா?" என்றான். செப்டம்பரில் ஒரு சின்ன விளம்பரம் சரியாகப் போகவில்லை என்று அவனாகவே நிறுத்தியிருந்தான். நான் ஆபீஸில் எல்லார் முன்னாடியும், "என்னைக் கேக்காம எதையும் தொடக்கூடாது, புரியுதா?" என்று கத்தினேன். உண்மையில் அவன் அன்று செய்ததில் பெரிய நஷ்டம்கூட இல்லை, முதலாளி என்னைக் கேள்வி கேட்ட கோபத்தை அவன் மேல் இறக்கினேன். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். 96,000 ரூபாய் போனது அந்த ஒரு வாக்கியத்தால்தான், கூகுளின் அமைப்பால் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அன்றிரவு சித்தி வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எந்தெந்தத் தேடலுக்கு நம் விளம்பரம் வந்தது என்ற ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். 'பாண்டிச்சேரி பஸ் இன்னைக்கு ஓடுதா.' 'பாண்டிச்சேரி நாளைக்கு லீவா.' 'பாண்டி பீச் ரோடு இப்போ.' ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய். ஒரு தேடலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது: 'கரன்ட் இருக்கிற ரூம் பாண்டிச்சேரி.' வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த யாரோ, குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு இரவு தங்க இடம் தேடியிருக்கிறார்கள், அவர்களிடம் நாங்கள் 'கடலோரத்தில் கனவு விடுமுறை' என்று காட்டியிருக்கிறோம். அந்த ஐந்து நாளில் பதினான்கு புக்கிங் வந்தது, பதினொன்று ரத்தானது.

முதலாளி டிசம்பர் 9-ம் தேதி வந்தார். நல்ல மனிதர்தான், வீட்டு நிலவரத்தை விசாரித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். ஆனால் பேச்சு "முடிவே தப்பும்மா, இவ்வளவு பெரிசா போயிருக்கக் கூடாது" என்றுதான் ஆரம்பித்தது. நான்கு நாள் நன்றாகப் போனதே, 10,000 என்று நீங்களும் ஒத்துக்கொண்டீர்களே என்று நான் சொல்ல, அப்படி ஒரு எண்ணைத் தான் சொன்னதாக ஞாபகமே இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, போனில் பேசியது, யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் ஜனவரியில் 60,000, மார்ச்சில் 50,000 கிடைத்தது. மீதி 70,000-ஐப் பற்றி இன்றுவரை பேச்சில்லை. இதற்கிடையில் கார்டு பில்லுக்கு மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, அதுவும் வாங்கிய நாளிலிருந்தே கணக்கு. சுமார் 21,000 அதில் போனது. மார்ச்சில் வளையலை அடகு வைத்துக் கார்டை மூடினேன். அதை டிசம்பரிலேயே செய்திருக்க வேண்டும், நகைக்கடன் வட்டி கார்டு வட்டியின் பக்கத்தில்கூட வராது. ஆக மொத்தம் என் கையிலிருந்து போனது 91,000, என் இரண்டு மாதச் சம்பளம்.

வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். தினமும் பஸ்ஸில் முள்ளோடை தாண்டும்போதெல்லாம் ராஜினாமா மெயிலை மனதுக்குள் எழுதுவேன், முருங்கப்பாக்கம் நெரிசலில் அதை அழிப்பேன். பிப்ரவரியில் ஒரு நாள் வேறொரு மெயில் எழுதி அனுப்பினேன். ஒரே பக்கம், மூன்று பத்தி. கேட்காமலே செய்யலாம், செய்துவிட்டுச் சொன்னால் போதும், கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு வேலையையும் இந்த மூன்றில் ஒன்றில் போட்டோம். முதலாளியோடு உட்கார்ந்து பேச இரண்டு மணி நேரம் ஆனது, அதில் முக்கால்வாசி நேரம் சண்டைதான். பிரித்த விதம் எளிது: நாளைக் காலையில் திரும்ப மாற்ற முடியுமென்றால் கீழே இருப்பவரே செய்யட்டும், முடியாதென்றால் மேலே வரட்டும். ஓடும் விளம்பரத்தை நிறுத்துவது முதல் பத்தி, யார் வேண்டுமானாலும், பயிற்சிக்கு வந்த பிள்ளையாக இருந்தாலும், நிறுத்தலாம். பட்ஜெட்டை ஏற்றுவது மூன்றாம் பத்தி. ஐந்தாயிரம் பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதும் மூன்றாம் பத்தி, போன எஸ்எம்எஸ் திரும்பி வராது. புதிய பதவிக்குப் போகிறவர்கள் இதைச் சேர்ந்த பிறகு கேட்காமல் ஆஃபர் லெட்டர் வரும்போதே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அதிகாரத்துக்கு அலைகிறார்கள் என்பார்கள், எனக்கே அந்தப் பெயர் வந்தது.

கணக்கிலும் சிலவற்றை மாற்றினேன். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் விளம்பரம் தானாகவே நிற்கும்படி தானியங்கி விதி போட்டேன். அது கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேலை செய்யும், இருந்தாலும் ஐந்து நாள் ஓடாது. டிஸ்ப்ளேவை அணைத்தேன். 'புயல்', 'மழை', 'லீவ்', 'பஸ்', 'வெள்ளம்' எல்லாம் இப்போது தவிர்க்க வேண்டிய சொற்கள் பட்டியலில், தமிழிலும் ஆங்கிலத்திலும். பணம் போடும்போது பெரிய தொகையாகப் போடாமல் வாரத்துக்கு வாரம் போடுகிறோம், முன்பணக் கணக்கில் இருப்பு தீர்ந்தால் விளம்பரம் நின்றுவிடும், அதைவிட நல்ல காவல்காரன் இல்லை. கம்பெனி பெயரில், புதுச்சேரிக்கான 34-ல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணோடு புதுக் கணக்கு திறந்தாகிவிட்டது.

இன்னொரு பழக்கம், ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரிய முடிவு எடுக்கும்போது தேதி போட்டு, இன்றைக்கு எனக்குத் தெரிந்தது என்ன, எந்த எண்ணைத் தொட்டால் நிறுத்துவேன், யார் ஒத்துக்கொண்டார்கள் என்று நாலு வரி எழுதுகிறேன், அதையே மெயிலிலும் போடுகிறேன். விளைவைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவைத் திட்டுவது எல்லாருக்கும் சுலபம், நமக்கே சுலபம். 2025 ஆகஸ்டில் ஒரு சென்னைக் கம்பெனி இன்டர்வியூவில், நீங்கள் எடுத்ததில் சொதப்பிய முடிவு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். இந்தக் கதையைச் சொன்னேன், செப்டம்பரில் கத்தியதையும் மறைக்காமல். வேலை கிடைத்தது, 60,000. அப்பாவை விட்டுப் போக முடியாது என்பதால் அந்த ஆஃபரை வைத்து இங்கேயே பேசி 56,000 ஆக்கிக்கொண்டேன். பழைய 70,000-ஐயும் அப்போதே மேஜையில் வைத்திருக்க வேண்டும், வாய் வரவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் என்றார்கள். சரியாக ஒரு வருடம், அதே வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி எல்லா விளம்பரத்தையும் நிறுத்திவிட்டான், என்னைக் கேட்கவில்லை. புயல் எங்கள் கரையைக் கடக்காமலே கடலோரமாகப் போய் வலுவிழந்தது. அவன் திங்கட்கிழமையும் திரும்ப ஓட விடவில்லை, செவ்வாயும் விடவில்லை. ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ஓனர் எனக்குப் போன் போட்டு, வார இறுதிக்கு ரூம் காலியாகக் கிடக்கிறது, உங்க ஆளுங்க தூங்குறாங்களா என்று கத்தினார். போனை வைத்துவிட்டு அவன் மேஜைக்குப் போனேன். ஆபீஸே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"எந்த எண்ணைப் பார்த்து நிறுத்தினே, எதைப் பார்த்தா திரும்ப ஆரம்பிப்பே, ரெண்டையும் நோட்டுல எழுதிடு" என்றேன். "அவருக்கு நான் பேசிக்கிறேன்."

அவன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். எனக்குத்தான் கை நடுங்கிக்கொண்டிருந்தது, டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டேன்.